இருசம்மாளுக்கு வாங்கிய வாய்தா

வக்கீல் மணிவேல் எனக்கு இரண்டு வழியில் சொந்தம். அவன் கட்டிய இருசம்மாள் என் சித்தப்பா மகள். என் வீட்டுக்காரருக்கு அவன் பங்காளி முறை. என்னைவிட வயதில் சிறியவன், நான் தூக்கி வைத்திருந்த பிள்ளை, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனுக்கு முன்னால் எங்கள் வகையறாவில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போனவர்கள்தான். அவன் அப்பா அடுத்தவர் தோப்பில் முந்திரிக் கொட்டை பொறுக்கினார். இவன் திருச்சியில் வக்கீலுக்குப் படித்தான்.

படிக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. விடுமுறைக்கு வந்தால் உடையார்பாளையம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வரமாட்டான். ஆண்டிமடத்தில் மச்சான் அங்கமுத்து வீட்டுக்குத்தான் போவான். இருசம்மாளுக்கு அங்கமுத்து கூடப்பிறந்த அண்ணன். அவனுக்கு முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் எல்லாம் தோல் உரிந்து கறுத்திருக்கும். அந்தக் கையால்தான் மாப்பிள்ளைக்குக் கறி எடுத்து இலையில் வைப்பான். அங்கமுத்து மகன் கலைச்செல்வன் மணிவேலின் தோளில் ஏறிக்கொண்டுதான் தெருவைப் பார்ப்பான்.

மணிவேல் அரியலூர்க் கோர்ட்டில் பேர் வாங்கியது வாதாடி அல்ல, வாய்தா வாங்கி. எதிராளியின் சாட்சி வந்து நிற்கிற அன்றைக்கு இவனுக்குக் காய்ச்சல் வரும். அடுத்த முறை இவன் வந்தால் இவனுடைய ஆளுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கடுத்த முறை ஜட்ஜ் மாறிப்போயிருப்பார். எதிராளி பஸ் ஏறி ஏறி அலுத்து, ஒருநாள் வராமல் நின்றுவிடுவான். அன்றைக்குத்தான் மணிவேல் எழுந்து பேசுவான். நன்றாகவும் பேசுவான், அதைக் குறை சொல்ல முடியாது.

கட்சியிலும் அவன்தான் முன்னால். மறியல் செய்து ஜெயிலுக்குப் போனான். கட்சிக்காரன் எவன் உள்ளே போனாலும் ஜாமீனில் எடுத்தான். ஒன்றியச் செயலாளர் ஆனான். எந்த ஊரில் யார் செத்தாலும் குடும்பத்துக்கு முன்னால் இவன் மாலை வந்துவிடும். இத்தனைக்கும் மேல் அவன் கேட்டது ஒன்றே ஒன்று, எம்.எல்.ஏ. சீட்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் மடிப்புக் கலையாத வேட்டியில் சென்னைக்கு நேர்காணலுக்குப் போவான், கசங்கிய வேட்டியில் திரும்பி வருவான். ஒருமுறை தொகுதி கூட்டணிக்குப் போனது. ஒருமுறை மேலே இருக்கும் ஒருவரின் சம்பந்திக்குப் போனது. வயது அறுபதைத் தாண்டியது. இந்த முறை இல்லையென்றால் இனிமேல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு நன்றாகவே தெரியும்.

இடையில்தான் அந்த லாரி வந்தது. கலைச்செல்வன் வளர்ந்து ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அவன் பைக்கை இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் தேய்த்தது. லாரியை ஓட்டியது அதன் சொந்தக்காரன் தங்கசாமி. குடித்திருந்தான். கட்சியின் மாவட்டப் பொருளாளரும் அவன்தான். மறுநாள் காலையில் போலீசுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்று கை நீட்டியது அவனுடைய டிரைவர். அந்த டிரைவருக்கு வக்கீலாக நின்றது மணிவேல்.

கோர்ட்டு வாசலில் அங்கமுத்து அவன் கறுப்புக் கோட்டைப் பிடித்துவிட்டான்.

“மாப்ள, உங்க தோள்ல ஏறித் திரிஞ்ச புள்ள. அவனைக் கொன்னவனுக்கா நீங்க நிக்கறீங்க?”

“மச்சான், கோர்ட்டுல சொந்தம் பாக்க முடியாது. நீங்களும் ஒரு வக்கீல் வைங்க. வேணும்னா நல்ல ஆளா நானே சொல்றேன்.”

அங்கமுத்து அங்கேயே மண்ணை வாரித் தூற்றினான். “உன் வூடு வெளங்காது. நீ நெனைச்ச நாற்காலி உனக்குக் கெடைக்காது” என்றான். கோர்ட்டே பார்த்தது.

தங்கசாமி ஓட்டியதைப் பார்த்த ஒரே சாட்சி ரோட்டோரத்து டீக்கடைக்காரர். அவரை மணிவேல் நடக்கவிட்ட நடையில், கடைசியில் அவர் சாட்சி சொல்லாமலே செத்துப்போனார். டிரைவருக்குச் சின்னத் தண்டனையோடு கேஸ் முடிந்தது. அங்கமுத்து விடவில்லை. லாரி ஓட்டியது தங்கசாமிதான், மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஐகோர்ட்டில் மனுப் போட்டான். அந்த மனு மட்டும் தூங்கிக்கொண்டே உயிரோடு இருந்தது. சீட்டு கேட்கும்போதெல்லாம் தங்கசாமிக்கு அது குறுக்கே வந்து நிற்கும்.

அங்கமுத்து அதன்பிறகு தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இருசம்மாள் மட்டும் ஆண்டிமடத்துக்குப் போய் வருவாள். பையனின் நினைவு நாளுக்கு அண்ணன் வீட்டில் அழுதுவிட்டு, சாயங்காலம் வந்து தங்கசாமிக்கும் சேர்த்துக் காப்பி போடுவாள். பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். போன தை மாதம் படுத்தவள் எழவில்லை. என்னிடமும் மகள் தேவயானியிடமும் சொன்னாள்:

“எங்க அண்ணன் கோடி போடாம என்னைத் தூக்கிடாதீங்கக்கா. அவரு வூட்டுக்குத்தான் வரமாட்டாரு. சாவுக்கு வருவாரு.”

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலை மேலே விழ வேண்டும். அதுதான் கோடி. அது விழாமல் பிணம் வாசலைத் தாண்டாது. சேலைத் தட்டோடு அவர்கள் ஊர் எல்லையில் வந்து நிற்பார்கள், புருஷன் வீட்டார் மேளத்தோடு போய் அழைத்து வர வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இருசம்மாள் போய்ச்சேர்ந்தாள். ஐஸ் பெட்டி வந்து, அவளை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கட்சியின் மாவட்டச் செயலாளர் போன் பண்ணினார். மணிவேலுக்குக் காது மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். பக்கத்தில் நாங்கள் எல்லாம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

“வருத்தமான சேதிதான் அண்ணே. அண்ணி கையால சாப்பிடாதவன் யாரு? சரி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சென்னையிலேருந்து பொறுப்பாளர் நாளைக்குப் பெரம்பலூர் கூட்டத்துக்கு வர்றாரு. இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் சீட்டு முடிவு பண்றது அவருதான். தங்கசாமிக்கு அந்த மனு இருக்கு, நிறுத்த முடியாது. உங்க பேருதான் ஓடுது. உங்க வூட்டுக்கு அவரைக் கூட்டியாந்து மாலை போட வெச்சுடறேன். துக்கத்துல தோள்ல கை வெச்சவரு அப்பறம் இல்லேன்னு சொல்லுவாரா? அதுவரைக்கும் எடுத்துடாதீங்க.”

“பொட்டியிலதான இருக்கா. இருப்பா” என்றான் மணிவேல்.

போனை வைத்தவன் எங்களைப் பார்த்து, “வெளிய பேசிடாதீங்க” என்றான். ஒரு பெரிய மனுஷனுக்காகப் பெண்டாட்டிப் பிணத்தைக் காக்க வைத்தான் என்று பேர் வந்தால் ஓட்டுக்கு ஆகாது. தாமதம் ஆக வேண்டும், ஆனால் அது வேறு யாராலோ ஆனதாக இருக்க வேண்டும். கோர்ட்டில் காலமெல்லாம் செய்த வேலைதான் இது.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் அங்கமுத்து வந்துவிட்டான். மினி வேனில் பெண்டாட்டி முத்தாயி, சொந்தக்காரர்கள், தட்டில் மஞ்சள் சேலை, பூ, குங்குமம். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, மேளத்தை அனுப்பச் சொல்லிச் செய்தி அனுப்பினான். மேளக்காரர்கள் பந்தலில்தான் இருந்தார்கள். தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டு எழுந்தவர்களைக் கையைக் காட்டி உட்கார வைத்தான் மணிவேல்.

பங்காளிகளில் மூத்தவர் அமாவாசை. அவரைக் கூப்பிட்டு, ஊர் கேட்கச் சொன்னான்:

“சித்தப்பா, ஒம்பது வருஷமா என் வாசப்படி மிதிக்காத மனுஷன். நான் மேளத்தோட போனா, நான் தப்புப் பண்ணினவன்னு ஆயிடும். மேளம் இல்லாம அவரா நடந்து வரட்டும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான்.”

“மணி, சாவுல போயி கணக்கா?”

“மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அமாவாசை டி.வி.எஸ். வண்டியில் போனார். மேளம் இல்லாமல் கோடி கொண்டுவருவது பிறந்த வீட்டுக்குப் பெரிய அவமானம். ஒத்துக்கொள்ள மாட்டான், பேச்சு சாயங்காலம் வரை இழுக்கும் என்று மணிவேல் நினைத்தான். ஆனால் அமாவாசை போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“ஒத்துக்கிட்டான். ‘எனக்கு மேளம் எதுக்கு மாமா, செத்துக் கெடக்கறது நானா?’ன்னு கேக்கறான். தட்டைத் தூக்கிட்டான். வரச் சொல்லட்டுமா?”

மணிவேல் துண்டை உதறித் தோளில் போட்டான். “இருங்க. கோர்ட்டு வாசல்ல மண்ணை வாரி விட்டாரே, அது என்னா ஆச்சு? அதுக்கு ஊர் முன்னாடி மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன்னு அங்கேயே வாயால சொல்லட்டும்.”

மேளக்காரர் ஒருவர், “பெட்ரோல் பாத்துக்குங்க பெரியவரே, இன்னிக்குப் பூரா ஓட்டந்தான் போலருக்கு” என்றார். சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வராது என்று யார் சொன்னது?

தேவயானி பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால் அம்மா முகம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மறையும். எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

“அப்பா, மாமா வெயில்ல உக்காந்திருக்காரு. நானே போயிக் கூட்டியாரேன்.”

“பொம்பள போயிக் கூப்பிட்டா அது அழைப்பா? போயி அம்மாகிட்ட உக்காரு.”

“அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்ப்பா.”

“அதுக்காகத்தான் எடுக்காம வெச்சிருக்கேன். அவ ஆசைப்பட்ட கோடி விழாம எடுத்துடவா சொல்ற?”

எந்தப் பேச்சையும் அப்படித் திருப்பிப் போட அவனுக்குத் தெரியும். தேவயானி ஒரு சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். சொம்பு நிறைந்தபடியே திரும்பி வந்தது. தங்கச்சி மேல் சேலை போடாமல் இந்த ஊரில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

அமாவாசை மறுபடி வந்து, “மன்னிப்பும் கேக்கறானாம்” என்றார். “ஊர் முன்னாடி இல்ல, உன் கால்லயே விழறானாம். போதுமா?”

மணிவேல் கையில் வேறு ஒன்றும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தான். பொறுப்பாளர் வருவது நாளை மத்தியானம். வெயில் இன்னும் இறங்கவில்லை, இப்போது அழைத்தால் பொழுது சாய்வதற்குள் இருசம்மாள் மண்ணுக்குப் போய்விடுவாள்.

பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் தங்கசாமி உட்கார்ந்திருந்தான். காலையிலேயே பெரிய மாலையோடு வந்தவன், எழுந்து போகவே இல்லை. குனிந்து மணிவேலின் காதில் சொன்னான். மந்தக் காதாக இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

“அந்த ஐகோர்ட் மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க அண்ணே. செத்தாலும் குடுக்க மாட்டான். அதுக்கு மேல நீங்க என்ன வேணா இழுக்கலாம்.”

மணிவேல் யோசித்தான். அந்த மனு இருக்கும் வரைதான் தங்கசாமி சீட்டுக்குக் குறுக்கே வரமாட்டான் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பெற்ற பிள்ளைக்காக ஒன்பது வருஷம் நடந்தவன் அதைக் கொடுக்க மாட்டான் என்பதும் தெரியும். கோர்ட்டில் எத்தனையோ அப்பன்களைப் பார்த்தவன் அவன். ஒரு அண்ணனைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜூனியர் பையனைக் கூப்பிட்டு வாபஸ் காகிதத்தை எழுதச் சொல்லி அமாவாசையிடம் நீட்டினான்.

அமாவாசை அதை வாங்காமல் நின்றார். “இதை நான் எடுத்துக்கிட்டுப் போகணுமா?”

“குடுத்தாக் குடுக்கட்டும், இல்லேன்னா வேணாம். நான் வற்புறுத்தலையே” என்றான்.

இந்த முறை அமாவாசை திரும்ப நேரமானது. தங்கசாமி இரண்டு டீ குடித்தான். அங்கே நடந்ததை முத்தாயி பிறகு எனக்குச் சொன்னாள். அங்கமுத்து காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு முத்தாயி முகத்தைப் பார்த்தான். முத்தாயி, “நம்ம புள்ள புதைஞ்சு கெடக்கறான். இவ இன்னும் வெளிய கெடக்கறாளே” என்றாள். அவன் தட்டை அவள் மடியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அமாவாசை காகிதத்தை நீட்டியபோது மணிவேல் கை நீளவில்லை. தங்கசாமிதான் எழுந்து வாங்கி, ஒரு முறை படித்து, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “நான் பத்திரமா வெச்சுக்கறேன் அண்ணே. துக்கத்துல நீங்க தொலைச்சுடுவீங்க” என்றான். பிறகு போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனான்.

“இப்பவாச்சும் வரச் சொல்லட்டுமா?” என்றார் அமாவாசை.

மணிவேல் வானத்தைப் பார்த்தான். “பொழுது எறங்கிடுச்சு. சுமங்கலியை இருட்டுல எடுக்கக் கூடாது. காலையில பாப்போம்.”

அங்கமுத்து ஊருக்குத் திரும்பவில்லை. கோடித் தட்டோடு வந்தவன் தட்டோடு திரும்பினால் பிறந்த வீட்டுக்கு ஆகாது. பஸ் நிறுத்தத்திலேயே இருந்தார்கள்.

விடிந்ததும் பந்தலில் பேனர் கட்டினார்கள். மேலே பொறுப்பாளர் படம். நடுவில் கைகூப்பிய மணிவேல், ஆள் உயரம். கீழே ஒரு மூலையில் இருசம்மாள், ரேஷன் கார்டில் இருந்து எடுத்த முகம். தேவயானி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காலையில் ஆரம்பித்த மின்வெட்டில் பெட்டி நின்றுபோனது. ஜெனரேட்டர் வருவதற்குள் ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினோம். காலையில் பார்ப்போம் என்றவன் பத்துப் பேரைப் போய்ப் பார்த்தான், பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் ஆள் அனுப்பவில்லை.

மத்தியானம் கார்கள் ரோட்டில் திரும்பியதாகச் செய்தி வந்தது. மணிவேல் எழுந்து மேளக்காரர்களைப் பார்த்துக் கத்தினான்:

“எந்திரிங்கய்யா! பஸ் ஸ்டாப்புக்குப் போயி அழைச்சுக்கிட்டு வாங்க!”

மேளம் முழங்கிக்கொண்டு கிளம்பியது. பங்காளிகள் முன்னால் போனார்கள். மணிவேல் தோளில் துண்டோடு நடுவில் போனான்.

சத்தம் கேட்டதும் அங்கமுத்து எழுந்தானாம். தங்களை அழைக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான். சேலையைச் சரி செய்து, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றான். முத்தாயி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மேளம் அவர்கள் எதிரில் வந்து நின்றது. மணிவேல் அங்கமுத்துவைத் தாண்டிப் போனான். பின்னால் நின்ற காரின் கதவைத் திறந்தான்.

கட்சிப் பையன் ஒருவன், “பெருசு, ஓரமா நில்லு, போட்டோல விழறே” என்றான். தட்டு அப்படியே மேலே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லையாம்.

பொறுப்பாளர் வந்தார். பெட்டி மேல் மாலை வைத்தார். போட்டோ எடுத்தார்கள். பிறகு, மாவட்டச் செயலாளர் சொன்னது போலவே மணிவேலின் தோளில் கையை வைத்தார். மணிவேல் தலையைக் குனிந்துகொண்டான். கோவிலில் விபூதிக்குக் குனிகிற மாதிரி இருந்தது.

“மணிவேல், உங்களை எப்படிப் பாராட்டறதுன்னு தெரியல. சொந்தத் துக்கத்துலயும் கட்சிக்கு இருந்த சிக்கலை அவுத்துட்டீங்க. தங்கசாமி நேத்தே அந்தக் காகிதத்தைப் போன்ல அனுப்பினாரு. அந்த மனு ஒண்ணுதான் எங்களுக்குத் தடையா இருந்தது. அவரையே அறிவிச்சுடறோம்.”

மணிவேல் நிமிர்ந்தான். “ஐயா, நான்…”

“இந்த நிலைமையில உங்களை வெயில்ல அலைய விட்டா ஊரு என்னைத் திட்டாதா? நீங்க தலைமை ஏஜெண்டா இருங்க. உங்க சட்ட அனுபவம் அவருக்கு வேணும்.”

தங்கசாமி குனிந்து மணிவேலின் காலைத் தொட்டான். “அண்ணன் போட்ட பிச்சை” என்றான். போட்டோ எடுத்தார்கள்.

கார்கள் போன பிறகு பந்தல் காலியானது. பொறுப்பாளர் கூட்டத்துக்குப் பின்னாலேயே நடந்து வந்த அங்கமுத்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். யாரும் வா என்று சொல்லவில்லை. அமாவாசைதான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெட்டியைத் திறந்தோம். கட்சி மாலையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மஞ்சள் சேலையை அவள் மேல் விரித்தான். கறுத்த விரலால் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தான். அழவில்லை. திரும்பி மணிவேலிடம் போனான்.

“மாப்ள, சொன்ன சொல்லு இருக்கு. அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல பேசினதுக்கு மன்னிச்சுடுங்க.”

காலில் விழுந்தான். மணிவேல் அவனைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து மாவட்டச் செயலாளரிடம், “மாவட்டம், இன்னும் அறிவிக்கலல்ல? ஒரு வார்த்தை பேசுங்க, ஒரே ஒரு வார்த்தை” என்று சொல்லிக்கொண்டே தள்ளிப் போனான். இருசம்மாளைத் தூக்கியபோதும் போனில்தான் இருந்தான்.

தேர்தல் வந்தது. தலைமை ஏஜெண்ட் என்றால் வேட்பாளர் கூடவே திரிய வேண்டும். ஆண்டிமடத்துக்கு ஓட்டு கேட்கப் போன அன்று, தங்கசாமி வேண்டுமென்றே அங்கமுத்து கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினான். கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே வந்தான். பின்னால் மணிவேல், கையில் நோட்டீஸ் கட்டோடு.

அங்கமுத்து கொட்டை உடைப்பதை நிறுத்தாமல் மணிவேலை மட்டும் பார்த்தான்.

“வாங்க மாப்ள. அன்னிக்கு நீங்க கேட்டதெல்லாம் குடுத்துட்டேன். இன்னும் என்னா பாக்கின்னு பாருங்க. இந்தக் கொட்டகை இருக்கு, முத்தாயி இருக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க.”

மணிவேல் நோட்டீசை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான் என்று முத்தாயி சொன்னாள்.

தங்கசாமி வாட்சைப் பார்த்தான். “அண்ணே, இன்னும் நாலு ஊரு இருக்கு. போயி வண்டியை எடுக்கச் சொல்லுங்க.”

மணிவேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிரைவரைக் கூப்பிட ஓடினான்.